கால் அவசரம்

மாஸ்டரின் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டத் தெரியாத ஒரே ஆள் மாஸ்டரின் மனைவிதான்.

இருபத்திரண்டு வருடமாக அந்த ஸ்கூலின் ஆபீஸ் அவள். ஆபீஸ் என்றால் வீட்டின் முன் அறை. ஒரு மேஜை, ஒரு தொலைபேசி, சுவரில் சாலைக் குறியீடுகளின் படம், மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள். அதில் ஒன்று ஒரு பக்கம் சாயும். சீக்கிரம் கிளப்பிவிட வேண்டிய ஆட்களை அவள் அதில் உட்கார வைப்பாள். விண்ணப்பம் நிரப்புவது, போட்டோ ஒட்டுவது, "மாஸ்டர் வந்துக்கிட்டே இருக்கார், தெருமுனை திரும்பிட்டார்" என்று போனில் பொய் சொல்வது எல்லாம் அவள்தான். அந்த நேரத்தில் மாஸ்டர் குளியலறையில் இருப்பார். அவளை எல்லோரும் 'ஆபீஸக்கா' என்பார்கள். அவளைவிட இருபது வயது மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான்.

அவளுடைய சாம்ராஜ்யம் ஒரு பெரிய நோட்டு. பழக வருகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு வரி உண்டு. பெயர், தேதி, எத்தனை வகுப்பு, டெஸ்டில் பாஸா ஃபெயிலா, கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்துக்கான வாசகத்தை மாஸ்டர் பின்கட்டில் கால் கழுவிக்கொண்டே சத்தமாகச் சொல்வார், அவள் எழுதுவாள். 'கண்ணாடி பார்ப்பதில்லை.' 'பிரேக் என்றால் பயம்.' 'பேச்சு அதிகம்.' இவற்றில் அவருக்கு மிகப் பிடித்தது ஒன்று உண்டு: 'கால் அவசரம்.' கிளட்சிலிருந்து காலைச் சட்டென்று எடுத்து வண்டியை ஆஃப் பண்ணிவிடுகிறவர்களுக்கு அவர் வைத்த பெயர் அது. முப்பது வருடமாக அவருடைய சட்டம் ஒன்றே ஒன்று. வண்டி நின்றால் கால் தப்பு. வண்டி ஒருபோதும் தப்புச் செய்யாது.

நாற்பத்தைந்து வயதில் திடீரென்று ஆபீஸக்காவுக்குக் கார் பழகும் ஆசை வந்ததற்குக் காரணம் அவளுடைய அக்கா. காரில் போனால் அக்கா வீடு இருபது நிமிடம். பஸ்ஸில் போனால் இரண்டு பஸ் மாறி ஒன்றரை மணி நேரம். அதனால் அக்காவைப் பார்க்க மாஸ்டருக்கு நேரம் ஒழிய வேண்டும். மாஸ்டருக்கு ஒழிகிற நாளில் அக்கா வீட்டில் இருக்கமாட்டாள். இரண்டும் சேர்ந்து வாய்த்துவிட்டால், மாஸ்டர் அக்கா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சாவிக்கொத்தை விரலில் மாட்டிச் சுற்றுவார். டீ ஆறுவதற்குள் "அப்ப கிளம்பலாமா?" என்பார். இருபத்திரண்டு வருடத்தில் அவளும் அக்காவும் ஒரு பேச்சையும் முடித்ததில்லை. அக்காவின் மாமியார் எப்படிப் படியிலிருந்து விழுந்தாள் என்ற கதையின் பாதி எட்டு வருடமாக அந்தரத்தில் நிற்கிறது.

ஆகவே பழகினாள். இரண்டு முறை டெஸ்டுக்குப் போனாள். இரண்டு முறையும் வண்டி நிறுத்தக்கோட்டில் நின்றதோடு சரி, மறுபடி கிளம்பும் முன் ஆஃப் ஆனது. இரண்டு முறையும் தன் பெயருக்கு எதிரே, தன் கையெழுத்திலேயே 'கால் அவசரம்' என்று எழுதிக்கொண்டாள்.

மூன்றாவது டெஸ்ட் வருகிற வியாழக்கிழமை. அந்த மாதத்தோடு பழகுநர் உரிமம் முடிகிறது. அதற்குப் பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மாஸ்டர் சாப்பிட்டுக்கொண்டே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"இந்தத் தடவையும் போச்சுன்னா இதோட விட்டுடலாம். ஊரே சிரிக்கும். வாத்தியார் பொண்டாட்டி மூணு தடவை ஃபெயில்னா அப்புறம் எவன் நம்மகிட்ட வருவான்? நீ நோட்டு எழுது. அது உனக்கு நல்லா வருது."

கடைசி வாக்கியம்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அதை அவர் பாராட்டாகவே சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பயிற்சிக்குப் போனார்கள். பக்கத்து சீட்டில் மாஸ்டர். அவர் காலடியில் தனியாக ஒரு கிளட்ச், ஒரு பிரேக். நாற்சந்தியில் சிவப்பு விளக்கு விழுந்தது. அவள் பிரேக்கை மிதித்து, கிளட்சை மிதித்து, நியூட்ரலுக்குத் தள்ளி, புத்தகத்தில் போட்டிருக்கிறபடி நிறுத்தினாள். வண்டி இரண்டு தடவை உடம்பை உலுக்கியது. அப்புறம் மூச்சை விட்டுவிட்டது. பின்னால் இருந்த வேன்காரன் ஹார்னை அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"கால் அவசரம்" என்றார் மாஸ்டர்.

"நியூட்ரல்ல இருந்துச்சுங்க. கிளட்ச் என்ன பண்ணும்?"

"நியூட்ரல்னா குச்சியை ஆட்டிப் பாத்தா போதாது. சரியா விழணும்."

"விழுந்துதுங்க. இப்பவும் அங்கதான் இருக்கு, பாருங்க."

"இப்ப விழுந்திருக்கு. அப்ப விழலை."

முப்பது வருடமாக வாதத்தில் தோற்காத மனிதர். அவள் மறுபடி ஸ்டார்ட் செய்தாள். வேன்காரன் பக்கவாட்டில் வந்து எட்டிப் பார்த்து, போர்டில் எழுதியிருந்ததைப் படித்து, "ஸ்கூல் வண்டியே இப்படியா?" என்று கேட்டுவிட்டுப் போனான். மாஸ்டர் அவளைப் பார்த்த பார்வையில் அந்த வேன்காரனும் அவள் தப்பாகவே தெரிந்தான்.

அன்று மத்தியானம் நோட்டை எடுத்து வைத்து எழுத உட்கார்ந்தவள், எழுதாமல் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினாள். போன இரண்டு மாதத்தில் மட்டும் 'கால் அவசரம்' பதினொரு தடவை. அதற்கு முந்தைய வருடம் முழுக்கத் தேடினால் நான்குதான். ஊரில் எல்லாருடைய காலுக்கும் ஒரே சமயத்தில் என்ன அவசரம் வந்துவிட்டது?

அதைவிட வேடிக்கை அந்தப் பெயர்களில் இருந்தது. ஃபெயிலானவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. மாஸ்டர் தும்மினாலும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறவர். இன்னொருவர் மருந்துக்கடைக்காரர். எதையும் இரண்டு தடவை எண்ணிப் பார்க்காமல் கையில் கொடுக்கமாட்டார். அப்புறம் ஒரு நூலகர், ஒரு செவிலியர். எல்லாருமே சொன்ன பேச்சுக் கேட்கிற ஜாதி. பாஸானவர்கள் யார்? வகுப்பு நேரத்திலும் காதில் பாட்டு மாட்டியிருந்த கல்லூரிப் பையன். ஹீல்ஸ் செருப்பைக் கழற்ற மாட்டேன் என்று சண்டை போட்ட அழகு நிலையக்காரி. ஒற்றைக் கையால் ஓட்டி, மறுகையால் போனில் கோழி விலை பேசிய கறிக்கடைக்காரர்.

மாஸ்டர் பேச்சைக் கேட்டவன் ஃபெயில், கேட்காதவன் பாஸ்.

பேனா மூடியைக் கடித்துக்கொண்டு அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தபோது நாத்தனார் வந்தாள். மாஸ்டரின் தங்கை. அவள் ஓட்டுகிற வேகத்துக்காகக் குடும்பத்தில் அவளுக்குப் 'புயல்' என்று பெயர். அண்ணனிடமே பழகி, அண்ணன் சொன்ன ஒன்றையும் மதிக்காமல் முதல் தடவையிலேயே பாஸானவள்.

"என்ன அண்ணி, நோட்டை முறைச்சுக்கிட்டு இருக்கீங்க? அண்ணனைப் பத்தி ஏதாவது எழுதியிருக்கா?"

"வா, ஒரு ரவுண்டு போலாம். நீ ஓட்டு. நான் பக்கத்துல உக்காரறேன்."

"எங்க?"

"எங்கயும் இல்ல. சிக்னல்ல நிக்கணும். அவ்வளவுதான்."

புயல் ஸ்கூல் வண்டியை எடுத்தாள். நாற்சந்திக்கு வந்தார்கள். சிவப்பு. வண்டி நின்றது. ஆனால் ஆஃப் ஆகவில்லை. ஆபீஸக்கா சீட்டுக்கு அடியில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்து, நாத்தனாரின் காலைப் பார்த்தாள். புயலின் வலதுகால் கட்டைவிரல் ஆக்சிலேட்டர் மேல் லேசாக, பூனை தூங்குகிற மாதிரி, படுத்திருந்தது.

"காலை எடு."

"எதை?"

"ஆக்சிலேட்டர்ல வெச்சிருக்கியே, அதை."

"எடுத்தா நின்னுடும் அண்ணி."

"எடு சொல்றேன்."

எடுத்தாள். இரண்டு உலுக்கல். அமைதி. பின்னால் ஹார்ன்.

"பாத்தீங்களா? இந்த வண்டி கொஞ்ச நாளா இப்படித்தான். கால் வெச்சா நிக்காது. எல்லாருக்கும் தெரியுமே?"

"எல்லாருக்கும்னா யாருக்கு?"

"ஓட்டத் தெரிஞ்ச எல்லாருக்கும்" என்றாள் புயல், கொஞ்சமும் தயங்காமல்.

ஆபீஸக்காவுக்குக் கோபம் வரவில்லை. வயிற்றுக்குள் எங்கேயோ ஒரு சிரிப்பு முளைவிட்டது. வீட்டுக்கு வந்ததும் நேராக வாசல் செருப்பு ஸ்டாண்டுக்குப் போனாள். மாஸ்டரின் செருப்பைக் கையில் எடுத்தாள். இடது செருப்பு போன மாதம் வாங்கின மாதிரியே இருந்தது. வலது செருப்பின் முன்நுனி மட்டும் காகிதமாகத் தேய்ந்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அந்தப் பக்கம் தெரிந்தது.

அவர் மேல் குற்றமில்லை. அவர் பழகிய காலத்து வண்டிகளுக்குக் கார்புரேட்டர்; அப்படி ஒன்று இன்னும் அவரிடம் இருக்கிறது. காலையில் எழுப்பியதும் ஆக்சிலேட்டரை இரண்டு மிதி மிதித்து 'ரெண்டு வாய்' ஊட்டவேண்டும், நிற்கும்போதெல்லாம் லேசாக உறுமவிட வேண்டும், இல்லாவிட்டால் கோபித்துக்கொண்டு தூங்கிவிடும். அந்த வழக்கம் அவர் காலோடு ஒட்டிக்கொண்டது. வாயால் "நிறுத்தினா ஆக்சிலேட்டர்லேருந்து காலை எடுக்கணும்" என்று பாடம் சொல்வார். அவருடைய கால் மட்டும் அந்த வகுப்புக்கு வந்ததே இல்லை. அதனால் அவர் ஓட்டும்போது வண்டி ஒருநாளும் நின்றதில்லை. அவர் பேச்சைக் கேட்கிறவர்கள் ஓட்டும்போது மட்டும் நின்றது.

"இதை அண்ணன்கிட்ட சொல்லப்போறீங்களா?" என்று கேட்டாள் புயல், கண் மின்ன.

"சொன்னா என்ன சொல்வார்?"

"கால் அவசரம்னு சொல்வார்."

செவ்வாய்க்கிழமை காலை மாஸ்டர் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு லைசென்ஸ் ஆபீசுக்குப் போனார். போனால் மத்தியானம் வரை திரும்பமாட்டார். பத்தாவது நிமிடம் ஸ்கூல் வண்டி அடுத்த தெருவில் இருக்கும் ஷெட்டுக்குள் நுழைந்தது.

அந்த ஷெட்டின் மெக்கானிக்குக்கு 'ஆமை' என்று பெயர். ஒரு நட்டைக் கழற்றினால் அதைத் துடைத்து, பார்த்து, தட்டில் வைத்துவிட்டுத்தான் அடுத்த நட்டுக்குப் போவான். ஆனால் ஒரு தடவை அவன் பூட்டியது மறுபடி ஷெட்டுக்கு வந்ததில்லை. விஷயத்தைக் கேட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு பின்வாங்கினான்.

"வேண்டாம்க்கா. போன மாசம் பிரேக் பாக்க வந்தப்பவே மாஸ்டர்கிட்ட சொன்னேன், ஐடிலிங் சரியில்லை, கால் எடுத்தா இன்ஜின் தானா ஓடலைன்னு. 'தம்பி, முப்பது வருஷமா நான் வண்டியோட பேசிக்கிட்டு இருக்கேன். வண்டி நல்லா இருக்கு, உன் காதைப் போய்க் காட்டு'ன்னார். அதுக்கப்புறம் நான் ஏன் தொடணும்?"

"அவர் காதுக்குப் போகாது" என்றாள் ஆபீஸக்கா.

"அப்ப செஞ்சு என்ன பிரயோஜனம்? வண்டி சரியானதும் அவர் முகத்தை நான் பாக்க வேணாமா?"

"வியாழக்கிழமை எனக்கு டெஸ்ட்ப்பா."

ஆமை அவளைப் பார்த்தான். அப்புறம் பானெட்டைத் திறந்தான்.

வண்டியை ஓடவிட்டு, யாரும் ஆக்சிலேட்டரைத் தொடாமல் பார்த்துக்கொண்டு, இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று சொல்லும் முள்ளைக் காட்டினான். எண்ணூறில் நிற்க வேண்டியது ஐநூறுக்கும் நானூறுக்கும் நடுவில் குடிகாரன் மாதிரி தள்ளாடியது. ஏசியைப் போடச் சொன்னான். போட்டதும் செத்தது.

"டெஸ்ட்டுல ஏசி போட்டிருந்தீங்களா?"

ஆபீஸக்கா யோசித்தாள். இரண்டு தடவையும் உள்ளே ஏறி உட்கார்ந்ததும் இன்ஸ்பெக்டர் ஏசியைத்தான் முதலில் போட்டார். வெயில் காலம்.

"அப்ப அன்னிக்கு யார் ஓட்டியிருந்தாலும் ஃபெயில்தான்" என்றான் ஆமை.

இருந்தாலும் அவன் உடனே முடிவுக்கு வரவில்லை. ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாகத் தடவி எங்காவது வெடித்துக் காற்று கசிகிறதா என்று பார்த்தான். இல்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தான். நன்றாக இருந்தது. புயல் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கொட்டாவி விட்டாள். பிறகு அவன் இன்ஜினுக்குக் காற்று போகிற இடத்தில், ஒரு கட்டைவிரல் அளவுள்ள சின்ன உறுப்பைத் தொட்டான்.

"இவர்தான் ஐடில் மோட்டார். ஆக்சிலேட்டர்லேருந்து காலை எடுத்தா காத்து போற பெரிய கதவு மூடிக்கும். அப்புறம் பக்கத்துல இருக்கிற சின்ன ஜன்னல் வழியாத்தான் இன்ஜினுக்கு மூச்சு. அந்த ஜன்னலை எவ்வளவு திறக்கணும், எவ்வளவு மூடணும்னு பாத்துக்கற வேலை இவருக்கு. ஏசி போட்டா இன்னும் கொஞ்சம் திறக்கணும். இவர் வேலைக்கு வர்றாரான்னு பாப்போம்."

ஓடுகிற வண்டியிலேயே அதன் ஒயர் கப்ளரைப் பிடுங்கினான். சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மறுபடி செருகினான். அப்போதும் இல்லை.

"பாத்தீங்களா? இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்."

"நம்ம வீட்டுல அப்படி ஒருத்தர் இருக்கார்" என்றாள் புயல்.

வண்டியை அணைத்து, இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி, அதை வெளியே எடுத்தான். உள்ளே இருந்து நீட்டிக்கொண்டிருந்த ஊசிமுனை கரியால் மூடியிருந்தது. ஸ்ப்ரே அடித்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தான். கறுப்புத் தண்ணீர் வழிந்தது. கரிதான் காரணமென்றால் இதோடு முடிந்தது, என்று சொல்லிக்கொண்டே கப்ளரை மாட்டிச் சாவியைத் திருப்பச் சொன்னான். நல்லதாக இருந்தால் முனை உள்ளே வெளியே நகரும். நகரவில்லை. மீட்டரை எடுத்து மோட்டாரின் செருகுமுனைகளில் இரண்டிரண்டாக வைத்துப் பார்த்தான். ஒரு பக்கம் எண் காட்டியது. மறுபக்கம் ஒன்றுமே காட்டவில்லை.

"உள்ள சுருள் கருகிப் போச்சு. சுத்தம் பண்ணி ஆகாது. மாத்தணும்."

புயல் உதிரிபாகக் கடைக்குப் புயலாகப் போய் வந்தாள். ஆமை புதியதையும் பழையதையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்து முனை நீளம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தான். அது உட்காரும் இடத்தைத் துடைத்தான். புது ரப்பர் வளையத்தைப் போட்டான். இரண்டு ஸ்க்ரூவையும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினான்.

"இப்பத்தான் முக்கியமான விஷயம்" என்றான். "புதுசு மாட்டினதும் வண்டிக்கு ஜன்னலை எவ்வளவு திறக்கணும்னு தெரியாது. தானா கத்துக்கணும். ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிஷம் அப்படியே ஓடவிடணும். அப்புறம் ஏசி போட்டு கொஞ்ச நேரம். அதுவரைக்கும் ஆக்சிலேட்டர்ல எந்தக் காலும் படக்கூடாது. பட்டா மறுபடி முதல்லேருந்து."

ஆபீஸக்கா ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, சாவியைத் திருப்பி, இரண்டு காலையும் சீட்டுக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். ஆமை பானெட்டை மூடினான். நான்காவது நிமிடம் ஓடிக்கொண்டிருந்தபோது ஷெட் வாசலில் ஒரு நிழல் விழுந்தது. அதன் கக்கத்தில் ஃபைல் இருந்தது.

"கம்ப்யூட்டர் வேலை செய்யலையாம். நாளைக்கு வான்னுட்டான்" என்று யாரிடமோ குறைபட்டுக்கொண்டே உள்ளே வந்த மாஸ்டர், தன் வண்டியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். "இங்க என்ன பண்றீங்க?"

"ஹார்ன் சத்தம் கம்மியா இருந்துச்சுண்ணே" என்றாள் புயல். பொய் அவளுக்குத் தும்மல் மாதிரி வரும். பழைய ஐடில் மோட்டார் துணியோடு சேர்த்து ஆபீஸக்காவின் கைப்பைக்குள் போயிருந்தது. எப்போது போட்டாள் என்பது ஆமைக்கே தெரியாது.

"ஹார்னா? ஹார்ன் பாக்க இன்ஜின் எதுக்கு ஓடணும்? அதுவும் இவ்வளவு சோம்பலா? ரெண்டு வாய் குடுத்தாத்தானே நிக்காம ஓடும். இறங்கு, நான் பாக்கறேன்."

"இறங்க மாட்டேன்."

"என்னது?"

"இறங்க மாட்டேங்க. பழகிக்கிட்டு இருக்கேன்."

"வண்டி நின்னுக்கிட்டு இருக்கு. என்ன பழகறே?"

ஆபீஸக்கா ஒரு நொடி யோசித்தாள். அப்புறம் உண்மையைத்தான் சொன்னாள். "காலை வைக்காம உக்காரப் பழகறேன்."

மாஸ்டர் அதைக் கேட்டு அசந்துபோனார். ஆனால் அவருடைய வலதுகால் அசரவில்லை. அது தன்பாட்டுக்குத் திறந்த கதவு வழியாக உள்ளே நுழைந்து, தேய்ந்த செருப்பு நுனியால் ஆக்சிலேட்டரைத் தேடி நீண்டது. வெளியே நின்றபடியே காலை மட்டும் உள்ளே விட்டு உறுமவிடுவது அவருக்குக் கைவந்த வித்தை. ஆமை கண்ணை மூடிக்கொண்டான். செருப்பு நுனி பெடலுக்கு நான்கு விரற்கடை தூரத்தில் இருந்தபோது ஆபீஸக்கா குனிந்து அவருடைய கணுக்காலைக் கெட்டியாகப் பிடித்தாள்.

"காலை எடுங்க."

முப்பது வருடத்தில் அவரிடம் அந்த வார்த்தையைச் சொன்ன முதல் ஆள் அவள். ஒற்றைக் காலில் நின்றிருந்த மாஸ்டர் தடுமாறிக் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"ஏய், விடு. விழுந்துடப்போறேன்."

"நீங்கதானே சொன்னீங்க, நிறுத்தினா ஆக்சிலேட்டர்ல கால் இருக்கக் கூடாதுன்னு? பத்து நிமிஷம் இப்படியே இருந்து பாக்கறேன். யார் காலும் வேண்டாம்."

மாஸ்டர் காலை வெளியே எடுத்தார். அவருடைய முகத்தில் கோபம் வந்து, பாதி வழியில் பெருமையாக மாறியது. தான் சொன்னதை ஒருத்தி திருப்பிச் சொல்கிறாளே!

"இதான். இத்தனை நாள் கழிச்சு இப்பத்தான் உருப்படியா ஒண்ணு பண்றே" என்றார். ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து பாடம் எடுக்க ஆரம்பித்தார். பொறுமை பற்றிச் சொன்னார். கிளட்ச் பற்றிச் சொன்னார். கால் என்பது எப்படி மனசின் கண்ணாடி என்று சொன்னார். அவர் பேசப் பேச முள் ஐநூற்றைம்பதிலிருந்து மெல்ல ஏறி, எழுநூறைத் தொட்டு, எண்ணூறில் போய் அமர்ந்துகொண்டது. அதைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்த ஆமை, வாயில் ஒரு ஸ்பேனரைக் கவ்விக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றான். அவன் தோள் குலுங்கியது.

"அக்கா, புழுக்கமா இருக்கும், ஏசி போட்டுக்கோங்க" என்றான் ஸ்பேனரை எடுத்துவிட்டு.

போட்டாள். முள் ஒரு கணம் குனிந்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள், மாஸ்டரைத் தவிர. அப்புறம் அது தானாக நிமிர்ந்தது.

"பாத்தியா?" என்றார் மாஸ்டர் ஆமையைப் பார்த்து. "ஐடிலிங் சரியில்லைன்னு சொன்னியே தம்பி. நான் பக்கத்துல உக்காந்து பத்து நிமிஷம் சொல்லிக் குடுத்தேன். எப்படி நிக்காம ஓடுது பார்!"

"ஆமா மாஸ்டர்" என்றான் ஆமை. "என் காதைத்தான் காட்டணும்." அவனுக்கு வேண்டியிருந்த முகம் கிடைத்துவிட்டது.

வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் ஏறி உட்கார்ந்ததும் முதல் வேலையாக ஏசியைப் போட்டார். ஆபீஸக்கா கிளம்பினாள். மாஸ்டர் மைதான ஓரத்தில், வேலிக்கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தார். வளைவு முடிந்தது. பின்னால் எடுப்பது முடிந்தது. நிறுத்தக்கோடு வந்தது. நிறுத்தினாள், நியூட்ரலுக்குத் தள்ளினாள், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துத் தரையில் வைத்தாள். இன்ஜின் சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிறதா என்று சந்தேகம் வந்து முள்ளைப் பார்த்தாள். எண்ணூறு. அந்தச் சந்தோஷத்தில் கியரைப் போட்டுக் கிளட்சைச் சட்டென்று விட்டாள். வண்டி ஒரு துள்ளு துள்ளி ஆஃப் ஆனது.

வேலிக்கம்பிக்கு அந்தப் பக்கம் மாஸ்டர் நெற்றியில் அடித்துக்கொண்டது தெரிந்தது. அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"எதுக்கும்மா சிரிக்கிறீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர். முகத்தில் சிரிப்பென்று ஒன்று உண்டென்றே தெரியாத மனிதர்.

"இல்ல சார், இது என்னோட தப்பு. நிஜமாவே என்னோடது. கால் அவசரம்."

அவர் ஏதோ எழுதினார். "ஒரு தடவைதான் மன்னிப்பு. மெதுவா எடுங்க."

மெதுவாக எடுத்தாள். மேடு ஏறி, நடுவில் நின்று, பின்னால் சரியாமல் கிளம்பினாள். மீதி தூரத்தில் இன்ஸ்பெக்டர் ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கும்போது கையெழுத்துப் போட்ட தாளை நீட்டி, "போன தடவை இருந்த வண்டிதானா இது?" என்று மட்டும் கேட்டார்.

"அதே வண்டிதான் சார்."

அதற்குப் பிறகு ஸ்கூலில் ஒரு புதிய பாடம் சேர்ந்தது. மாஸ்டர் ஒவ்வொருவரையும் முதல் நாள் பத்து நிமிடம் காலை வைக்காமல் உட்கார வைத்தார். பொறுமை பற்றி அதே சொற்பொழிவு. தலைமை ஆசிரியை அதையும் எழுதிக்கொண்டார். அவரையும் மருந்துக்கடைக்காரரையும் மற்றவர்களையும் ஆபீஸக்காவே போன் போட்டு வரவழைத்தாள். எல்லோரும் பாஸ். நோட்டில் அவர்களுடைய பழைய வரிகளை எடுத்து, பதினொரு 'கால் அவசர'ங்களையும் ஸ்கேல் வைத்து ஒரே கோட்டில் அடித்தாள். தன் பெயருக்கு எதிரே மூன்றாவதாக ஒன்றை எழுதினாள். அதை அடிக்கவில்லை.

மாஸ்டரின் கால் மட்டும் மாறவில்லை. அவர் ஓட்டினால் இப்போது வண்டி ஒவ்வொரு சிக்னலிலும் தேவையில்லாமல் உறுமும். பக்கத்து வண்டிக்காரர்கள் இவர் பந்தயத்துக்குக் கூப்பிடுகிறார் என்று நினைத்துத் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஒரு சனிக்கிழமை காலை அவர் மேஜையருகே வந்து, விண்ணப்பக் கட்டின் மேல் பாரத்துக்கு வைத்திருந்த சின்ன உறுப்பைக் கையில் எடுத்தார். திருப்பிப் பார்த்தார். ஊசிமுனையை அழுத்திப் பார்த்தார். விரலில் ஒட்டிய கறுப்பை முகர்ந்து பார்த்தார்.

"இது எந்த வண்டியோடது?"

ஆபீஸக்கா பீரோவிலிருந்து கைப்பையை எடுத்துக்கொண்டிருந்தாள். "ஏதோ பழைய வண்டியோடதாம். ஷெட்ல கிடந்துது. பேப்பர் பறக்காம இருக்கட்டுமேன்னு கொண்டாந்தேன்."

"ம். அந்த வண்டிக்காரன் சுத்த விவரமில்லாதவனா இருக்கணும். சுருள் கருகற வரைக்கும் விட்டிருக்கான் பாரேன். ஓட்டறவனுக்குத் தெரியாதா இது?"

"தெரியலையே, பாவம்."

மாஸ்டர் அதை எடுத்த இடத்திலேயே வைத்தார். வைத்த பிறகு இன்னொரு தடவை அதைப் பார்த்தார். அப்புறம் ஜன்னல் வழியாக வெளியே நின்ற வண்டியைப் பார்த்தார். விரலில் ஒட்டிய கறுப்பைத் துடைத்துக்கொண்டார்.

"சாவி குடுங்க" என்றாள் அவள்.

"எங்க?"

"அக்கா வீட்டுக்கு."

"இரு, சட்டை மாத்திக்கிட்டு வரேன்."

"நீங்க எதுக்கு? பத்தரைக்கு உங்களுக்கு வகுப்பு இருக்கு, மருந்துக்கடைக்காரரோட மச்சானுக்கு. உங்க பழைய வண்டியில பழக்குங்க. போன் வந்தா, 'ஆபீஸக்கா வந்துக்கிட்டே இருக்காங்க, தெருமுனை திரும்பிட்டாங்க'ன்னு சொல்லுங்க."

"எப்ப வருவே?"

"மாமியார் படியிலேருந்து எப்படி விழுந்தாங்கன்னு கேட்டுட்டு வரேன்."

"எந்த மாமியார்?"

அதற்குள் அவள் சாவியோடு வாசலில் இறங்கியிருந்தாள். வாசலில் வண்டி ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது. மாஸ்டர் காதைத் தீட்டிக்கொண்டு அது நிற்கப்போகிற நொடிக்காகக் காத்திருந்தார். நிற்கவில்லை. அவள் கண்ணாடியைச் சரிசெய்து, பெல்ட்டைப் போட்டு, கைப்பையைப் பக்கத்து சீட்டில் வைக்கும்வரை அது தன்பாட்டுக்கு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. மாஸ்டரின் வலதுகால் கட்டைவிரல் மட்டும் சிமெண்ட் தரையை இரண்டு தடவை அழுத்திப் பார்த்தது.